நகை வேண்டாம், ஸ்தோத்திரம்!

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா நீட்டிய அதிரசத்தைத் தொடாதவர் நம் பிரதர். விக்கிரகத்துக்குப் படைத்ததாம். மனைவி நெற்றியில் பொட்டு கிடையாது, பிள்ளைகளுக்கு சினிமா கிடையாது, ஆபீஸில் ஆயுத பூஜை என்றால் அன்றைக்கு அவருக்கு அரை நாள் லீவு. "கிறிஸ்தவ வாழ்க்கையில காம்ப்ரமைஸ்ங்கற பேச்சுக்கே இடமில்ல" என்று அவர் சாட்சி சொல்லி முடித்தால் சபை கூரை அதிர அல்லேலூயா போடும்.

அப்பேர்ப்பட்டவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போனார். முதலில் ஜெபம், பிறகு பஜ்ஜி, பிறகு விஷயம்.

"நாங்க நகை போடுற சபை இல்ல பிரதர். பொண்ணுக்கு ஒரு குண்டுமணி தங்கம் போட வேண்டாம்."

பெண்ணைப் பெற்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தார்.

"மூத்தவளுக்கு நூறு பவுன் போட்டதா கேள்விப்பட்டோம். இவளுக்குக் குறைச்சா பிள்ளை மனசு கஷ்டப்படும்லா? கல்யாணத்தன்னைக்கு ரேட்டுக்கு ரொக்கமா பிள்ளைங்க பேர்ல போட்டிருங்க. நாங்க எதுவும் கேக்கல. கர்த்தர் உங்கள எப்படி ஏவுறாரோ அப்படி."

கர்த்தர் மறுநாளே தரகர் மூலம் ஏவினார். செய்கூலி, சேதாரம் உட்பட.

நகை போடுகிற சபைகளில் இந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. பவுன் கணக்கு நேராகவே பேசி முடியும். பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டா என்று பாதிரியார் கேட்பார். எத்தனை லட்சம் கைமாறியது என்பது முன்பெஞ்சுப் பெரியவர் முதல் மணியடிக்கிறவர் வரை தெரியும். 1961-லேயே வரதட்சிணைக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டதும் தெரியும். ஒரு இருமல்கூடக் கேட்காது.

பணமாவது போகட்டும். வரன் விளம்பரங்களைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகள் தேவை.' அடுத்த வரியில் சாதி. ஆவிக்குரிய தகப்பனார் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டால் உட்பிரிவும் இருக்கும். ஞானஸ்நானத் தொட்டியில் பழைய மனுஷன் முங்கிச் செத்துப்போகிறான் என்கிறார்கள். சாதிக்கு மட்டும் நீச்சல் தெரிந்திருக்கிறது.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்க்காரர்கள் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. கால்சட்டை மாதிரிப் பிரிந்து போகும். வெள்ளாளர் ஒரு காலில், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் இன்னொரு காலில். இரு தரப்பும் சாமியாரைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. என்ன ஒரு பக்திமயமான பொறியியல்! 1910-இல் கௌசானல் அடிகளார் கூடங்களுக்கு நடுவே நின்ற தடுப்புச் சுவரை எடுத்தார். வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்கு ஓடியது, தோற்றது. காணிக்கைப் பைக்கு நாணயம் தேடும் கைகள் சுவருக்கு வக்கீல் பீஸ் கட்டத் தயங்கவில்லை.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைத் தனியே பிரித்து நின்றது ஒரு சுவர். எக்காளம் தொனிக்கும் நாளில் அந்தப் பக்கத்தார் முந்திக்கொண்டு எழுந்துவிடுவார்களோ என்ற பயம் போலிருக்கிறது. 2010-இல் அதை இடிக்கக் கிளம்பி வந்தவர்கள் கடவுளே இல்லை என்கிற பெரியார் இயக்கத்தார். நம் பிரதர் அன்றைக்கு உபவாச ஜெபத்தில் இருந்தார்.

2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்குக்கோயில் கேட்ட தலித் கத்தோலிக்கர் வீடுகள்மீது, அதே மாதாவைக் கும்பிடுகிற வன்னியக் கத்தோலிக்கர் பாய்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இதை எழுதும்போது எனக்கு நக்கல் வரவில்லை.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சர்ச்சுக்குள் சாதி இல்லை என்று டில்லி நம்புகிறது. சான்றிதழில் பறித்த சாதியைச் சர்ச் பத்திரமாக வைத்திருந்து, கல்லறையில் திருப்பிக் கொடுக்கிறது. கலப்புத் திருமணம் செய்த பிள்ளையின் வீட்டுக்கு வீட்டுக்கூட்டமும் போகாது, மூப்பர்களும் போகமாட்டார்கள். சினிமா பார்த்தவனை மேடையேற்றி மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். நூறு பவுன் வாங்கியவர் மேடையில் ஜெபம் பண்ணுவார்.

"சாதியைப் பத்தி ஒரு ஞாயிறு பேசுங்களேன்" என்று பாஸ்டரிடம் கேட்டேன்.

"வேண்டாம் பிரதர். சபைக்குள்ள பிரிவினை வந்துரும்" என்றார்.

வரும் வாரச் செய்திக்கு போஸ்டர் ஒட்டியாகிவிட்டது: 'கிறிஸ்தவர்கள் யோகா செய்யலாமா?' மூன்று வாரத் தொடராம்.