செட் ஆகுமா?

கே: ஆங்கிலத்தில் அதிக அர்த்தங்கள் கொண்ட சொல் எது?

ப: 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் 'செட்'தான் சக்கரவர்த்தி. சுமார் 430 பொருள், விளக்கம் மட்டும் 60,000 சொற்கள். முழு நாவல் அளவு. கதாநாயகிதான் இல்லை.

கே: இன்னமும் அதே அரியணையா?

ப: பறிபோயிற்று. அகராதியைத் திருத்தப் புகுந்ததும் 'மேக்', 'புட்' இரண்டும் முந்தின. 2011இல் 'ரன்' எல்லாரையும் தாண்டி ஓடியது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்! பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் அதை ஒன்பது மாதம் சுமந்தார். காந்தாரியே நூற்றொன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

கே: 'வை' என்பதற்கும் செட், 'கூட்டம்' என்பதற்கும் செட். எப்படி?

ப: ஆளே இரண்டு பேர் ஐயா. வினை, பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்': உட்கார வைப்பது. கூட்டம், லத்தீனின் 'செக்டா'; பிரெஞ்சு வழியாக வந்து இறங்கியது. பூர்வீகம் வேறு, ரேஷன் கார்டு ஒன்று.

கே: சூரியனும் செட் ஆகிறது, சிமென்ட்டும் செட் ஆகிறதே?

ப: இரண்டுக்கும் கெடு உண்டு. சூரியனுக்குப் பஞ்சாங்கத்தில். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தரநிலையில்: 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். கெடுவே இல்லாதவர் கான்ட்ராக்டர் ஒருவர்தான்.

கே: டென்னிஸ் செட்?

ப: 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மகுவும் ஆடிய ஐந்தாவது செட் 70-68. அந்த ஒரு செட்டுக்கே 8 மணி 11 நிமிடம். 'உட்கார வைப்பது' என்ற பூர்வீகப் பொருளை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

கே: கணக்கில்?

ப: கணம். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் கணம்தான், வெற்றுக் கணம். லெட்டர்பேடு கட்சிகளுக்கு நிரூபணம் தேவையில்லை.

கே: செட் தோசை?

ப: கர்நாடகத்துச் சரக்கு. இரண்டோ மூன்றோ சேர்த்துத்தான் வைப்பார்கள். லத்தீன் கடைசியில் தொட்டுக்கொள்ளும் சாகுவில் முங்கியது.

கே: காலேஜில் நீங்கள் எந்த செட்?

ப: இப்போதைக்கு அப்செட். வயதைக் கேட்க இப்படியொரு குறுக்குச் சந்தா?

கே: பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "செட் ஆகாது" என்று போய்விட்டார்கள். என்ன பொருள்?

ப: அவர்கள் கேட்டதும் அதைத்தான்: என்ன 'பொருள்', எத்தனை பவுன்?