கரடிப் பெட்டியும் பிரஷர் குக்கரும்

அமெரிக்காவில் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். கலிபோர்னியாவின் இன்யோ தேசியக் காட்டில் ஏரிக்கரையோரம் டென்ட் போடும் பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே இணையத்தில் பதிவு தொடங்கிவிடுகிறது. காலை ஏழு மணிக்குத் திறக்கும். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் போயிருக்கும். தட்கல் டிக்கெட் எடுத்து வளர்ந்த விரல்கள் என்பதால் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்யோ சுமார் 20 லட்சம் ஏக்கர். காட்டுக்குள் வந்துவிட்டோம் என்று பலகை சொன்ன பிறகும் கண்ணுக்கெட்டிய தூரம் புதரும் மணலும்தான்.

“மரத்தையே காணோமேடா?”

அதற்கு ஒரு கதை உண்டு. 1907-இல் இந்தக் காட்டை அறிவித்ததே மரத்துக்காக அல்ல. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குக் கால்வாயில் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு இடைஞ்சலாக யாரும் வந்து குடியேறிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் மரமில்லாத நிலமும் சர்க்கார் கணக்கில் காடாகிவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, “ஓ, வீராணமா!” என்றாள். முழுப் புத்தகம் படித்தும் நான் இவ்வளவு சுருக்கமாகப் புரிந்துகொண்டதில்லை.

மலையேறியதும் மரங்கள் வந்தன, ஏரி வந்தது, கூடவே கரடிப் பெட்டியும் வந்தது. ஒவ்வொரு டென்ட் இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி. சாப்பாடு மட்டுமல்ல, சோப்பு, பற்பசை என்று வாசனையுள்ள எதுவானாலும் அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இங்கே இருப்பது கருங்கரடிதான். மாநிலக் கொடியில் நிற்கும் கிரிஸ்லி கரடியை நூறு வருஷம் முன்பே சுட்டுத் தீர்த்துவிட்டு, துணியில் மரியாதை செய்துகொண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் பையைத் திறந்தேன். பெருங்காயம், பூண்டுப் பொடி, கருவாட்டுக்கே சவால்விடும் மாகாளிக்கிழங்கு ஊறுகாய். கரடி வந்தால் அந்த ஊறுகாயைத் தின்னுமா, பார்த்து ஓடுமா என்று எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்ட பிறகும் தேங்காயெண்ணெய் வாசனை போகவில்லை.

“தலையையும் கழற்றிப் பெட்டியில வைக்கணுமா?” என்றாள் அம்மா.

கழிப்பறை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தண்ணீர் கிடையாது, ஆழமான குழி உண்டு, மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கை உண்டு.

சமையல்தான் விஷயம். ஒன்பதாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்குமே தவிரப் பருப்பு வேகாது. பக்கத்து டென்ட்காரர் மத்தியானம் அடுப்பில் ஏற்றிய பீன்ஸ் பொழுது சாயும்போதும் கூழாங்கல்லாகவே கிடந்தது. நம் குக்கருக்குள்ளோ அழுத்தம் ஏறி வெப்பம் 110-ஐத் தாண்டிவிடும். முதல் விசில் வந்ததும் மூன்று டென்ட்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டாவதுக்கு நாய் குரைத்தது. மூன்றாவதுக்கு, வேனில் தங்கி அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரே வந்துவிட்டார்.

“கரடியை விரட்டவா?”

“ஆமான்னு சொல்லு” என்றாள் அம்மா, அவருக்கும் ஒரு தட்டில் சாம்பார் சாதம் போட்டபடியே.

விலையுயர்ந்த டென்ட், நெற்றியில் கட்டும் விளக்கு, மடக்கு நாற்காலி எல்லாம் உங்கள் இஷ்டம். குக்கரை மட்டும் மறக்காதீர்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் போடக் கூடாது என்பது அங்கே விதி. விசில்களைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.