நாய் காக்காத நகல்கள்

ராஜபாளையத்து வாசலில் வெள்ளை நாய் நின்றால், வட்டிக்காரரே தெருமுனையிலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். அதே வீட்டு ஆதார், பான் நகல்கள் சிம் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் தாராளமாகச் சுற்றும். அவற்றை எடுப்பவனைப் பார்த்து எந்த நாயும் குரைப்பதில்லை.

2022 பிப்ரவரியில், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக நடிகை சன்னி லியோன் புகார் சொன்னார். அவர் பெயருக்கே அவ்வளவுதான் என்றால், நம் பெயருக்கு என்ன தருவார்களோ!

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலையில் கிடந்த ஒற்றை முடியை வைத்தே, அதை முன்னமே யாரோ சூடியதைக் கண்டுபிடித்தார் பெரியாழ்வார் என்பார்கள். கடன் அறிக்கைக்கும் அந்தக் கண் வேண்டும்: வாங்காத கடன், போடாத விண்ணப்பம், தெரியாத முகவரி. (ஆண்டாள் சூடியது பெருமாளுக்குப் பிடித்தது. இங்கே சூடியவன் தவணையை நமக்கு விட்டுப்போவான்.) சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். கேட்டு வாங்கத்தான் ஆளில்லை. பிழையைப் புகார் செய்து 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. பால்கோவாச் செலவுக்கு ஆகும்.