ரெண்டாவது பைப்பு எங்க கண்ணு?

ஏங்கண்ணு, மூஞ்சி எதுக்கு இப்படித் தொங்கிக் கெடக்குது? புது அப்பார்ட்மெண்ட்டுக்குக் குடி போயி வருசங்கூடத் திரும்பல, அதுக்குள்ள சலிச்சுப் போச்சா? குழாயெல்லாம் வெள்ளை பூத்துருச்சுங்கற. ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சுருச்சுங்கற. கீசரு கொதிக்கறப்ப கடமுடங்குதுங்கற. தலைல முடி நிக்கலைங்கற. எல்லாம் தண்ணி பண்ற வேலையாக்கும்?

செரி, உக்காரு. மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடி. பயப்படாத, இது சிறுவாணி.

நம்ம கோயமுத்தூருல ரெண்டு தண்ணி ஓடுது. ஒண்ணு சிறுவாணி, பில்லூருன்னு மலைல இருந்து வர்றது. காட்டுல பேஞ்ச மழை பாறை மேல ஓடி, அணையில நின்னு, குழாயில எறங்குது. மண்ணுக்குள்ள ஊறிக் கெடக்க அதுக்கு ஏது நேரம்? அதனால பெருசா ஒண்ணும் கரையல. இன்னொண்ணு போர்த்தண்ணி, உப்புத் தண்ணின்னு சொல்றமே அது. ஆயிரம் அடி தொளை போட்டு, பாறை இடுக்குல வருசக்கணக்காக் கெடந்ததை உறிஞ்சி எடுக்கறது. நம்ம பூமியப் பத்தித் தெரியுமா உனக்கு? தோட்டத்துல ரெண்டடி தோண்டுனா சுக்காங்கல்லு. மதுக்கரைல சுண்ணாம்புக்கல்ல வெட்டி சிமெண்டே ஆக்குனாங்க. அந்தப் பூமிக்குள்ள கெடந்த தண்ணி கால்சியம், மெக்னீசியம்னு அள்ளிக்கிட்டுத்தான வரும்? வெறுங்கையோட வருமா?

என்ற ஆத்தா பள்ளிக்கூடம் பக்கம் போனதில்ல. ஆனா எந்தத் தண்ணி எதுக்குன்னு தெரியும். அரிசி, பருப்பு, காப்பிக்கு நல்ல தண்ணி. பாத்திரம் கழுவ, வாசல் தொளிக்க உப்புத் தண்ணி. ரெண்டுக்கும் தனித்தனிக் கொடம். மாத்தி மோந்தா மண்டைல கொட்டு விழும். துவரம்பருப்ப உப்புத் தண்ணில போட்டுப் பாரு, பொழுதுக்கும் கொதிச்சாலும் மசியாது. பருப்புல இருக்கற பெக்டினைக் கால்சியம் புடிச்சு இறுக்கிப் போடுதுன்னு படிச்சவிங்க சொல்றாங்க. ஆத்தாளுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. சாம்பாரு வெக்கத் தெரியும்.

தலைக்குத் தண்ணி வாக்கறதுன்னா அரப்புத்தான். சோப்பு உப்புத் தண்ணியக் கண்டா நொரைக்காது, கால்சியத்தோட சேந்து பிசுக்காத் திரிஞ்சு ஒடம்புலயும் ஒட்டும், பக்கெட்டுலயும் ஒட்டும். அரப்புக்கு அந்தச் சங்கடமே இல்ல. எந்தத் தண்ணியா இருந்தா அதுக்கென்ன?

இப்ப உன்ற ஊட்டுக்கு வருவம். உங்க பில்டரு என்ன பண்ணுனாரு? சிறுவாணியையும் போர்த்தண்ணியையும் ஒட்டுக்கா ஒரே சம்புல உட்டு, ஒரே மோட்டார்ல ஏத்தி, ஒரே தொட்டில நெரப்பி வெச்சாரு. இப்ப நீ நல்ல தண்ணிய ஊத்திக் கக்கூசு கழுவற, உப்புத் தண்ணில பருப்பு வேக வெக்கற. கெடுத்தது யாரு, தண்ணியா? நீச்சல் கொளம் கட்டக் காசு இருந்துச்சு. ஜிம்மு வெக்கக் காசு இருந்துச்சு. ரெண்டாவது பைப்பு போடத்தான் கையில சில்லறை இல்லாமப் போச்சு.

அப்பறம் டை கட்டுன தம்பி ஒருத்தன் மிஷினு விக்க வந்துருப்பானே? வராம இருப்பானா? உன்ற குழாத் தண்ணி ஒரு டம்ளரு, அவன் மிஷின் தண்ணி ஒரு டம்ளரு வெச்சு, ரெண்டுலயும் கம்பிய உட்டுக் கரண்டு குடுத்துருப்பான். உன்ற தண்ணி செங்காமட்டை நெறத்துக்குக் கலங்கியிருக்கும். உன்ற சம்சாரம் நெஞ்சுல கைய வெச்சுருக்கும். அட மடையா, அந்த அழுக்கு தண்ணில இருந்தா வந்துச்சு? அவங்கொண்டாந்த இரும்புக் கம்பி கரைஞ்சு வந்த துரு. மிஷின் தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, கரண்டு செரியா ஓடல, அதனால கம்பி பெருசாக் கரையல. அடுத்த வாட்டி வந்தான்னா அவன் டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பப் போட்டுட்டுக் கம்பிய உடச் சொல்லு. ஓட்டம் புடிப்பான்.

கையில பேனா மாதிரி ஒண்ணு வெச்சுருப்பான், டிடிஎஸ் மீட்டரு. அது கரைஞ்சு கெடக்கறதை மொத்தமாத்தான் காட்டும். சுண்ணாம்பு எத்தனை, சோத்து உப்பு எத்தனைன்னு பிரிச்சுச் சொல்லாது. அதைப் பாத்துட்டா ஆர்ஓ மிஷினு வாங்குன? கரைஞ்சதுல பெரும்பகுதிய வடிச்சு வெளிய தள்ளுது, கூடவே குடிச்சதை உடக் கூடுதலாத் தண்ணியவும் சாக்கடைல ஊத்துது. அப்பறம் 'மினரல்' குப்பி ஒண்ணு மாட்டி, அதே கால்சியத்தை, அதே மெக்னீசியத்தைத் திரும்பக் கலக்குது. எடுத்ததுக்கு ஒரு காசு, போட்டதுக்கு ஒரு காசு. என்ன சாமர்த்தியம்!

மாடில சாப்ட்னரு வேற. அது பொய்யின்னு சொல்லமாட்டேன். கால்சியத்தைப் புடிச்சு வெச்சுட்டுச் சோடியத்தை உட்டுரும், கீசரும் வாசிங் மிஷினும் பொழைக்கும். ஆனா மூட்டை மூட்டையா உப்பு கேக்கும். அந்தத் தண்ணிய ரத்தக்கொதிப்புக்காரனுக்குக் குடிக்கக் குடுத்துராத. அது கழுவி உடற உப்புத் தண்ணியச் செடிகொடிக்கு ஊத்திப்போட்டு, செடி காயுதேன்னு எங்கிட்ட அழுகாத.

முடி? உப்புத் தண்ணில சொரசொரங்கும், அது நெசம். வழுக்கை உழுகறதுக்குத் தண்ணி மேல பழி போடாத. உன்ற அப்பாரு ஆயுசு பூரா சிறுவாணிதான் குடிச்சாரு. அவரு மண்டைல எத்தனை முடி இருந்துச்சு, சொல்லு?

குடிச்சாக் கல்லு வந்துருமோன்னு ஒரு பயம் வேற. ஏசி ரூம்புல உக்காந்துக்கிட்டு நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காம இருக்கறயே, கல்லுக்கு அது பத்தாதா? லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, அதான் இந்தக் கால்சியம், மெக்னீசியத்தோட கணக்கு, அது வரைக்கும் நல்லது, வேற தண்ணி கெடைக்காட்டி 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு நம்ம நாட்டுத் தரக்கணக்கே சொல்லுது. உன்ற தண்ணில எத்தனைன்னு கேட்டா முழிக்கற! பொண்ணோட மூஞ்சியே பாக்காமப் பத்திரிகை அடிச்சவனாட்ட, சோதிக்காம ரெண்டு மிஷினு வாங்கி மாட்டியிருக்கற.

இனி நான் சொல்றதைக் கேளு. குடிநீர் வடிகால் வாரியத்து ஆய்வுக்கூடத்துல தண்ணியக் குடுத்துச் சோதிச்சுப் பாரு. கீசரு சூட்டைக் கொறைச்சு வெய்யி, கொதிக்கக் கொதிக்கத்தான் சுண்ணாம்பு ஏகமாப் படியும். ஷவரு மூடியக் கழட்டி ராத்திரி புளித்தண்ணில ஊறப் போடு, காலைல தேச்சாக் கழண்டுரும். மார்பிள் மேல புளியோ எலுமிச்சையோ படாமப் பாத்துக்க, அதுவும் சுண்ணாம்புதான், தரையத் தின்னுரும். கக்கூசு ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்தாத, கெளம்பற புகைல மூச்சு முட்டிப் போகும். மாடில உழுகற மழையப் புடிச்சு வெய்யி. வானத்துத் தண்ணில சுண்ணாம்பு ஏது?

அப்பறம், ஞாயித்துக்கெழம அசோசியேசன் கூட்டம்னு சொன்னயில்ல? அங்க போயி பிஸ்கட்டைத் தின்னுட்டு வராம, எந்திரிச்சு நின்னு ரெண்டாவது பைப்பைக் கேளு. அத்தனை பேருக்கும் முன்னால வாயத் தொறக்கத் தெம்பு இல்லாதவன் ஊட்டுக்குத்தான் கண்ணு, டை கட்டுன தம்பி திரும்பத் திரும்ப வர்றான்.