வீட்டுக்குச் சக்கரம் எதுக்குடா தம்பி?

கொழும்புல வாகனக் கண்காட்சியாம், நீ போறியாமே? அம்மா சொல்லுச்சு. சும்மா காரு பாக்கவும் இல்லியாம். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாத்தையும் உள்ளுக்கே வச்சுக் கட்டுன வேன் பாக்கவாம். சினிமா ஷூட்டிங்ல நடிகருக்குக் கேரவன் நிப்பாட்டி வப்பாங்களே, அந்தச் சாதி. போய்ட்டு வா, வேணாங்கல. ஒன் வயசுல நாங்களும் கண்டி டவுனுக்கு சர்க்கஸ் பாக்கப் போனவங்கதான். சிங்கத்தப் பாத்தோம், கடல வாங்கித் தின்னோம், வீட்டுக்கு வந்துட்டோம். சிங்கத்துக்கு லீசிங் போடல.

ஒன்னய நெனச்சா அந்தப் பயந்தான் எனக்கு. 2020 மார்ச்சுல வாகனம் எறக்குறத நிப்பாட்டுனாங்க. 2025 பெப்ரவரியிலதான் சொந்த வாகனத்துக்குக் கதவத் தெறந்தாங்க. அஞ்சு வருசம் புதுசா ஒண்ணும் காணாத கண்ணு. பளபளன்னு எதப் பாத்தாலும் பெரண்டு போயிரும். அங்க டை கட்டுன பயலொருத்தன் நிப்பான். அப்பான்னு கூப்புடாத கொறையா ஒன்னய 'சேர், சேர்'ம்பான். கையெழுத்துப் போட்டா வாகனம் ஒன் வாசல்ல நிக்கும், வாகனப் பொஸ்தகம் லீசிங்காரன் பெட்டியில இருக்கும். மாசாமாசம் எந்தக் கொழுந்த வித்துக் கட்டுவ?

நானும் ஒருதரம் அப்படி ஒரு வேனுக்குள்ள ஏறிப் பாத்தவன். பழைய டொல்பின் வேன்தான். சீட்டெல்லாம் கழட்டிட்டுப் பலகை அடிச்சிருந்தான். மேசைய மடக்குனா கட்டிலு. கட்டிலத் தூக்குனா பெட்டி. பெட்டிக்குப் பக்கத்துல மூடியத் தெறந்தா கை கழுவுற தொட்டி. வெத்தலச் செல்லம் வைக்கக்கூட எடம் இல்ல, அதுக்கும் ஒரு வலை கட்டித் தொங்க விட்டிருந்தான். அகலம் ஆறடிகூட வராது. நீளம் பத்தடிக்குள்ள. சனம் வரிசையில நின்னு, செருப்பக் கழட்டிட்டு ஏறி, 'எவ்வளவு அழகா அடக்கி வச்சிருக்கான்'னு வாயப் பொளந்துச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. நான் பொறந்த லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. அடுப்பு அதுக்குள்ளதான். படுக்கையும் அதுக்குள்ளதான். பெரியம்மா பிரசவமும் அதுக்குள்ளதான். மழ நாள்ல ஆட்டுக்குட்டியும் உள்ள வந்துரும். எத்தன பேரு படுத்தோம்னு கேக்காத, எண்ணி முடிக்குமுன்ன தூங்கிருவோம். நாங்களும் அடக்கித்தான் வச்சிருந்தோம். எவன் டிக்கட்டு எடுத்து வந்து பாத்தான்?

அந்த ஒத்தக் காம்பராவுல இருந்து வெளிய வர எங்க சனம் இன்னைக்கும் மனுப் போட்டுக்கிட்டு நிக்கிது. இந்திய உதவியில காணியோட 550 சதுர அடி வீடுன்னு கட்டிக் குடுக்குறாங்க. கெடச்சவன் பால் காய்ச்சுறான். கெடைக்காதவன் தலைவர் வீட்டு வாசல்ல நிக்கிறான். நீ என்னடான்னா கோடிக் கணக்குல குடுத்து அதவிடச் சின்னக் காம்பராவுக்குள்ள போகப் பாக்குற. சக்கரம் இருக்குங்கிறதுக்காகவா?

வெள்ளக்காரன் செய்யிறானேம்ப. அவன் செய்யிறதுல நியாயம் இருக்கு. அமெரிக்காவுல ஒரு கரையில இருந்து மறுகரைக்கு 4,500 கிலோமீற்றர் ஓட்டணும். வழியில மனுசன் எங்கயாவது சாயணுமா இல்லியா? அதான் 1930கள்லயே ஏர்ஸ்ட்ரீம்னு அலுமினியத்தகடு அடிச்ச வீட்ட காருக்குப் பின்னால கட்டி இழுத்தான். இண்டியானாவுல எல்கார்ட்னு ஒரு ஊரு, அதுக்கு இதே பொழப்பு. வருசா வருசம் பென்சில்வேனியாவுல, சொக்லட்டுக்குப் பேர் போன ஹேர்ஷி ஊருல, பெரிய கண்காட்சியே வக்கிறான். ஜெர்மன்காரன் டுசல்டோர்ஃப்ல அதவிடப் பெருசா வக்கிறான். அவன் ஊரு பெருசு, அவனுக்குச் சரி.

நம்ம ஊரு? பருத்தித்துறையில இருந்து தேவேந்திரமுனைக்குக் கோடு இழு. 430 கிலோமீற்றர் சுத்தித்தான் வரும். விடியக்காலம் பஸ் ஏறுனா ராத்திரிச் சோத்துக்குள்ள எந்த மூலைக்கும் போயிரலாம். போற எடத்துல ஒரு சித்தப்பாவாவது இருப்பாரு. இல்லாட்டி ஒரு கோயில் மடம். இந்த நாட்டுல வாகனத்துக்குள்ள படுக்கணும்னா ஒண்ணு வாகனம் ஒடைஞ்சிருக்கணும், இல்லாட்டி எண்ணெ தீந்திருக்கணும்.

2022 மறந்து போச்சா? பெற்றோல் ஷெட் வரிசையில நாள்கணக்காக் கெடந்தோமே. காருக்குள்ள தலகாணி. டாஷ்போர்டு மேல சோத்துப் பார்சல். சீட்டுக்கு அடியில நுளம்புத்திரி. குளிக்கிறதுக்குப் பக்கத்து வீட்டுக் கெணறு. ஜூலை மாசம் கியூஆர் வந்துச்சு, ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர்னு அளந்து ஊத்துனான். அப்ப நாடே கேம்பர் வேனுக்குள்ளதான் குடியிருந்துச்சு. எவனாவது 'ஆகா, என்னா சுதந்திரம்'னு படம் புடிச்சுப் போட்டானா?

சரி, வாங்கிட்டன்னே வச்சுக்க. எங்க ஓட்டுவ? மகியங்கன ரோட்டுப் பதினெட்டு வளைவுக்குக் கொண்டு போ, பாப்பம். பஸ்காரன் ஒத்தக் கையில வெத்தல மடிச்சுக்கிட்டே மறு கையால திருப்புவான். நீ மூணாவது வளைவுல திரும்பும்போது உள்ளுக்குச் சட்டி, தட்டு, டீத்தூள் டின்னு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கும். இதுவாவது வேனு. அமெரிக்காவுல 40 அடி நீளத்துல, எட்டரை அடி அகலத்துல பஸ் மாதிரி ஒண்ணு ஓட்டுறானாம். அது கண்டி வாவி ரோட்டுல பள்ளிக்கூடம் விடுற நேரம் மாட்டுச்சுன்னு வையி, பெரஹராவே ஒருநாள் தள்ளிப் போகும்.

ஏத்தம் பெரிய காரியமில்ல தம்பி, எறக்கந்தான் ஆளக் காட்டும். ரம்பொட எறக்கத்துல ஒரு முழு வீட்டையும் சொமந்துக்கிட்டு வார. தண்ணி டேங்கு, பற்றரி, கேஸ் சிலிண்டரு, ஒன் பொண்டாட்டியோட மூணு பெட்டி. பிரேக்குல கால வச்சுக்கிட்டே வந்தியோ, ரெண்டாவது மைல்ல கருகுற வாசம் மூக்குல ஏறும். ஏறுன கியர்லயே எறங்கு. இத அந்த டை கட்டுன பய சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரியவும் தெரியாது.

இப்ப அந்தக் கக்கூசு சங்கதிக்கு வருவோம். மூக்கச் சுளிக்காத, நீதான வாங்கப் போற. சின்ன வேன்ல வைக்கிறது என்ன தெரியுமா? அடியில இழுத்தெடுக்கிற பெட்டி ஒண்ணு. நாலு பேரு ரெண்டு நாள் போனா நெறஞ்சிரும். நெறஞ்சா எங்க கொட்டுவ? வெள்ளக்காரன் ஊருல அதுக்குன்னே எடம் கட்டி, குழாய் போட்டு, போர்டு தொங்க விட்டிருக்கான். நீ பெட்டியத் தூக்கிக்கிட்டு எந்தக் கடக்காரன்கிட்டப் போய் நிப்ப? 'அண்ணே, ஒரு பிளேன்டீ, அப்பறம் இத எங்க ஊத்துறது'ன்னா கேப்ப? முந்தி டவுன்ல வாளிக் கக்கூசுன்னு ஒண்ணு இருந்துச்சு. அத எடுத்து ஊத்துனவங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. அந்த வாளிய ஒழிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. நீ அதக் காசு குடுத்து வாங்கி, கட்டிலுக்கு அடியில வச்சு, அதுமேல தூங்குறதுக்கு 'ஹொலிடே'ம்ப.

குளிக்கிறதுக்கு டேங்குல நூறு லீற்றர் தண்ணி இருக்காம். சிரிக்கிறதா அழுகிறதா? ஒவ்வொரு தோட்டத்துலயும் பீலி ராப்பகலா ஊத்திக்கிட்டு இருக்கு. கீழ போய் நின்னா மண்ட வெடிக்கிற குளிரு. அதத் தாண்டிப் போய் வேனுக்குப் பின்னால ஒரு குழாயத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டா ஊத்தி, கர்ட்டன் போட்டு மறைச்சுக்கிட்டுக் குளிப்பியா?

கூரைமேல கூடாரம் ஒண்ணும் காட்டுவான். ஏணி வச்சு ஏறிப் படுக்கிறது. நல்லாத்தான் இருக்கும், உடவத்தகெலே கொரங்குக்கு. ஹந்தானைப் பக்கம் போனியோ, கீழ அட்டை, மேல கொரங்கு, நடுராத்திரி டோர்ச் அடிச்சு 'யார் நீங்க'ன்னு கேக்க பொலிசு.

ஊர் சுத்துறதுக்கு நான் எதிரியில்ல. நாங்க சுத்தாத சுத்தா? கதிர்காமத்துக்கு லொறி புடிச்சு, அண்டா, கரண்டி, திருவல, வெறகு எல்லாம் ஏத்திக்கிட்டுப் போவோம். மாணிக்க கங்கைக் கரையில மூணு கல்ல வச்சா அடுப்பு. இப்பவும் ரோசா பஸ்ஸு புடிச்சு, பப்பரே அடிச்சுக்கிட்டு, பின் சீட்டுல சோத்துச் சட்டியோட போறானுகளே, அவனுக்கு எந்தக் கண்காட்சிக்காரன் சொல்லிக் குடுத்தான்? அதுக்கும் முந்தி, கோப்பிக் காலத்துல, மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்து வந்த சனம் நாம. வழியெல்லாம் அடுப்பு மூட்டித்தான் வந்தாங்க. காய்ச்சல்லயும் வாந்திபேதியிலயும் எத்தனையோ பேரு அங்கங்கயே போயிட்டாங்க. 2023ல 200 வருச நெனவா தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்குத் திரும்ப நடந்தாங்களே, அப்ப ஒன்னயக் கூப்புட்டேன். கால் வலிக்கும்ன. ஞாபகம் இருக்கா?

அதான் கேக்குறேன். ஒனக்கு ஊர் பாக்குற ஆசையா, சாமான் சேக்குற ஆசையா? முந்தி ஒரு கூடாரம் வாங்குனியே, எத்தன ராத்திரி அதுல படுத்த? ஒங்கம்மா இப்ப அதுலதான் மொளகா காயப் போடுது. நல்லாத் தாங்குது, கொற சொல்லக் கூடாது.

போற வழியில கடுகண்ணாவயில கண்ண மூடித் தூங்கிராத. ரோட்டோரம் ஒரு பழைய அம்பலம் நிக்கும். கூரை, தூணு, ஒக்காரத் திண்ணை. வழிப்போக்கன் படுத்து எழும்பிப் போகட்டும்னு அந்தக் காலத்துச் சனம் கட்டி வச்சது. வாடகை இல்ல, லீசிங் இல்ல, வரி இல்ல. படுத்தவன் விடிய எழும்பித் தூசியத் தட்டிட்டு நடையக் கட்டுனான். அந்தக் கட்டடத்துக்குச் சக்கரம் வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. வீடு அங்கயே நிக்கட்டும், நாம போவோம்னு விட்டுட்டான்.

போய்ட்டு வா. ஓசியில குடுக்குற பையி, தொப்பி, பேனா எல்லாம் வாங்கு. கையெழுத்து மட்டும் போடாத. போன் நம்பரும் குடுக்காத, செத்தாலும் விடமாட்டான்.

அப்பறம் இன்னொரு காரியம். அந்த வேனுக்குப் பக்கத்துல மடக்குக் கதிரை விப்பான். கைப்பிடியில டீக்கோப்பை வைக்க ஓட்டை இருக்கும். அது மட்டும் புத்தியுள்ளவன் செஞ்ச சாமான். வெல கேளு, கொறச்சுப் பேசு, ஒண்ணு வாங்கிட்டு வா. பச்சை வேணாம், நீலம் வேணாம், செவப்பும் வேணாம். எந்தக் கலரப் போட்டாலும் அந்தக் கட்சிக்காரன் வந்து ஒக்காந்துக்கிட்டு எழும்ப மாட்டான். சாம்பல் கலர்ல இருந்தா பாரு.