ரேடியேட்டர் மகாத்மியம்

1960களில் பிறந்த என் காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். வயோதிகரின் வியாதியை ஊரறியப் பேசுவது பண்பன்று. காலைதோறும் அதன் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சை ஈரம் படிந்திருக்கக் கண்டு நான் அழைத்து வந்த மெக்கானிக் அண்ணன், நெடுநேரம் மௌனமாகத் தியானித்தபின், ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைக் கொட்டினார். மஞ்சள் மங்களகரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒழுகியது ரேடியேட்டர் அன்று, தண்ணீர் பம்பு.

அந்தப் பம்பின் அடிவயிற்றில் பென்சில் முனை நுழையுமளவு ஒரு துவாரம் உண்டு. உள்ளே ஸீல் தேய்ந்துபோனால், பேரிங்கிற்குள் நீர் புகாமல் வெளியே சொட்டி எஜமானனை எச்சரிப்பதற்கென்றே வைத்த துவாரம் அது. மறுவாரம் அதைக் கண்டுபிடித்த அண்ணன், மனுவைப் படிக்காமலே மனுதாரர் வாயை அடைக்கும் அதிகாரியைப் போல, மிகுந்த பெருமிதத்தோடு பசை வைத்து அடைத்தார். ஒழுக்கு நின்றது, பத்தே நாளில் பேரிங் அலறத் தொடங்கியது.

பின்னர் வந்த பெரியவர் ஒருவர், எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்திருந்த 7 ராத்தல் அழுத்தம் வரை (அந்த அழுத்தத்தின் தயவால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 வரை பொறுமை காக்கிறது) காற்றேற்றிவிட்டு, பீடி பற்றவைத்துக் காத்திருந்தார். முள் மெல்ல இறங்கிற்று. பம்பின் தண்டருகே ஒரு சொட்டு திரண்டு நின்றது. பம்பும் காஸ்கெட்டும் மாற்றியாயிற்று. மூன்று முறை அலசியும் மஞ்சள் நீர் மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது. அதை வாசலில் தெளிக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.