துண்டு எங்க, தம்பி?

காசு கேட்டுப் போனால் பொருளாளர் முதலில் கையை நீட்டுவார். கைகுலுக்கத்தான் என்று நினைத்து நீங்களும் நீட்டினால், நீங்கள் ஊருக்குப் புதிது. அந்தக் கை துண்டுக்கு, அதாவது பற்றுச்சீட்டுக்கு. கடைத் துண்டு, லொறித் துண்டு, ஓட்டோத் துண்டு, எதுவானாலும் சரி. அது கைக்கு வந்தபிறகுதான் "இருங்கோ" என்ற சொல் வாயிலிருந்து வரும்.

வன்னியில் சங்கம் இல்லாத கிராமம் கிடையாது. கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம், சனசமூக நிலையம், பிள்ளையார் கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம். தலைவர்கள் மாறுவார்கள், செயலாளர்கள் கோபித்துக்கொண்டு விலகுவார்கள். பொருளாளர் மட்டும் எல்லாவற்றிலும் அவர்தான். கழகத்தின் கதிரைகளைத் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்தபோது, கோயில் பொருளாளர் கழகப் பொருளாளருக்குக் காசு கொடுத்தார். கழகப் பொருளாளர் அதற்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கோயில் பொருளாளரிடம் கொடுத்தார். ஒரே மேசை, ஒரே பேனை, ஒரே ஆள். இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிய காசை அவர் எண்ணியும் பார்த்தார். சரியாக இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

அதே திருவிழாவுக்கு நான் சந்தையில் ஒரு ஆச்சியிடம் தேங்காய் வாங்கி வந்தேன்.

"துண்டு எங்க, தம்பி?"

"அண்ணை, ஆச்சி நிலத்தில சாக்கு விரிச்சு விக்கிறா. அவவிட்ட எங்க துண்டு?"

"அப்ப வவுச்சர் எழுதித் தாறன். ஒப்பம் வாங்கிக்கொண்டு வா."

திரும்பவும் சந்தைக்குப் போனேன். வவுச்சரைக் கண்டதும் ஆச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன மோனை, காணியை எழுதி வாங்கப் பாக்கிறியளோ?" என்றா. நான் விளக்க விளக்க அவவுக்குப் பயம் கூடியது. கடைசியில் காசைத் திருப்பி என் கையில் வைத்து, "பிள்ளையாருக்கெண்டு நான் சும்மா தந்ததா இருக்கட்டும். ஒப்பம் மட்டும் கேளாதை" என்று அனுப்பிவிட்டா. சிக்கல் தீர்ந்ததென்று வந்து சொன்னேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அது நன்கொடை. நன்கொடைக்கு நாங்கள் பற்றுச்சீட்டுக் குடுக்கவேணும். ஆச்சியின்ர முழுப்பெயர் என்ன?"

தேநீர்க் கடைக்காரர் இவருக்காகவே சிகரெட் பெட்டிகளைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார், உள்பக்க வெள்ளையில் கணக்கு எழுதிக் கொடுக்க. அதிலும் திகதி இல்லை, தொகை எழுத்தில் இல்லை, சங்கத்தின் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புவார். ஒருமுறை "இந்த வடைக்கு வற் வரி சேர்த்ததோ?" என்று கேட்டிருக்கிறார். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானதும், வருடத்துக்கு 6 கோடி ரூபா வியாபாரம் நடந்தால் பதிவுசெய்ய வேண்டும் என்று எல்லை இறங்கியதும் உண்மைதான். ஆனால் அந்தக் கடையில் 6 கோடிக்கு வடை விற்க உளுந்து மட்டும் எத்தனை லொறி வரவேண்டும்!

செத்தவீட்டிலும் விட்டுவைக்கமாட்டார். சொந்த மச்சான் செத்துக் கிடக்க, ஒப்பாரிக்கு நடுவில் மருமகனின் தோளில் கைவைத்துக் குனிந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று சனம் கண் கலங்கியது. "சவப்பெட்டிக் கடையில துண்டு எடுத்தனியோ?" என்று அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

இவ்வளவும் போதாதென்று வரி ஆலோசனையும் அவருடைய விறாந்தையில்தான். 18 வயது தாண்டியவர்கள் 2024 இலிருந்து ரின் எனும் வரி அடையாள இலக்கம் எடுக்கவேண்டும் என்று அறிவித்தபோது ஊரே நடுங்கியது. இலக்கம் எடுத்தால் வரி கட்டவேண்டும் என்று பேச்சு. அவர் ஒவ்வொருவராக இருத்திச் சொன்னார். இலக்கம் வேறு, வரி வேறு. 2025 ஏப்ரலிலிருந்து வருட வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரியே இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். மாதம் 2 இலட்சம் சம்பளம் எடுப்பவருக்கு வருடத்துக்கு 24 இலட்சம். அதில் 18 போக மிச்சம் 6 இலட்சம், அதற்கு வரி 36,000 ரூபா. "எங்கட ஊரில ஆர் அவ்வளவு எடுக்கினம்? போய்ப் படுங்கோ" என்பார்.

நிலையான வைப்பின் வட்டியில் வங்கி முன்பு 5 வீதம் வெட்டியது, 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம். ஓய்வூதியக்காரர்கள் பதறினார்கள். வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் ரின் இலக்கத்தோடு வங்கிக்குப் பிரகடனப் படிவம் கொடுக்கலாம், வெட்டமாட்டார்கள் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்து, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. எரிச்சல் என்னவென்றால், மனிசன் சொல்வதெல்லாம் சரி. பிழை விட்டாலாவது திட்டலாம்.

வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர் ஒன்றியக்காரரோடுதான் அவருக்குப் பெரிய பொருத்தமின்மை. ரொறன்ரோவிலிருந்து முன்பள்ளிக்குக் காசு அனுப்பியவர்கள், "துண்டு கிண்டு வேண்டாம் அண்ணை, பிள்ளைகள் சிரிக்கிற படம் நாலு அனுப்புங்கோ" என்று கேட்டார்கள். இரவிரவாக யோசித்தார். காலையில் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு 2017 உள்நாட்டு இறைவரிச் சட்டம் வைத்த ஏற்பாட்டைச் சொல்லிக் குரற்பதிவு அனுப்பினார்: வரும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாக எடுத்து அதற்கு வரி போடுவார்களாம். நாங்கள் அரச சார்பற்ற நிறுவனம் அல்ல, கதவில்லாத ஒரு முன்பள்ளி. பிறகு படமும் அனுப்பினார், கதவு வாங்கிய துண்டுகளின் படம். அதில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். 2009 இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்த சனத்தில் கனபேர் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் பிறப்புச் சான்றிதழையும் வழியில் விட்டுவிட்டுப் போனவர்கள். திரும்பி வந்து, தன் காணி தன்னுடையதுதான் என்று காட்ட அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள். அவரும் அலைந்தவர்தான். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டடம் எழ எழப் பகுதி பகுதியாக வந்தது. அந்த வீட்டுக்கு வாங்கிய ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் துண்டு வைத்திருக்கிறார். கூரையில் ஓடு கழன்று மழை ஒழுகுகிறது, துண்டில் ஒரு துளி படவில்லை. "வாயால சொன்னா ஆர் நம்பினவங்கள், தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் மோட்டர் கதையைச் சொல்லாமல் விடமுடியாது.

பொதுக்கிணற்று மோட்டர் எரிந்து போனது ஆனியில். மூன்று விலைமனு வேண்டும் என்றார். எங்கள் சந்தியில் இருப்பதே ஒரு கடை. கடைக்காரர் இரக்கப்பட்டு மூன்று பெயரில் தானே எழுதித் தாறன் என்றார். அது களவு என்று இவர் மறுத்தார், நியாயம்தான். கிளிநொச்சிக்குப் போய்க் கேட்டால் இரண்டாவது கடைக்காரர், "வாங்க வாறியளோ, விலை விசாரிக்க வாறியளோ?" என்று துரத்தினார். ஆடி போய் ஆவணியும் முடிந்தது. கொதிக்கிற வெயிலில் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். கணக்காய்வுக்கு வந்த உத்தியோகத்தர் எங்கள் புத்தகங்களைப் பார்த்துவிட்டு மாவட்டத்திலேயே திறமான கணக்கு என்று பாராட்டினார். அவருக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் அடுத்த ஊர்த் தண்ணீர்.

கணக்கியலில் இதற்கு மருந்து இல்லாமலில்லை. சில்லறைக் காசு என்று ஒரு முற்பணத்தைச் செயலாளரிடம் கொடுத்து, செலவானதை மாதமுடிவில் நிரப்பிவிடலாம். இவ்வளவு தொகைக்கு மேல்தான் மூன்று விலைமனு, தண்ணீர் போன்ற அவசரத்துக்கு ஒன்றே போதும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எழுதி வைக்கலாம். இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்யமாட்டார். காசு தன் கையைவிட்டுப் போனால் அது காசே இல்லை என்பது அவர் எண்ணம். படித்த பெடியள் இரண்டுபேர் காசேடு எழுதிப் பழக வந்தார்கள். பேனையைக் கொடுத்தார், புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் இப்போது கட்டாரில்.

வருடாந்தக் கூட்டத்தில் மட்டும் தவறாமல் எழும்பி, "எனக்கு ஏலாது, வேற ஆக்கள் பொறுப்பெடுங்கோ" என்கிறார். ஒருவரும் அசைவதில்லை. அசைந்தால் அலுமாரி நிறைந்த கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்பமிட்டுப் பாரமெடுக்க வேண்டும். போனமுறையும் அவர் பெயரை முன்மொழிந்தது நான்தான். அன்று கூட்டத்துக்குக் கதிரை ஏற்றிய ஓட்டோக் காசை அவர் இன்னும் எனக்குத் தரவில்லை.